கையில் கார்டு இருக்கும் வரைதான் உயிர்!

வாசகர் கேள்வி – பதில்

குகைக்குள் இறங்கி, அரக்கர்களோடு மோதி, பல வாரம் ஒரே கதையைத் தொடரும் கற்பனை போர்டு கேம்கள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். இவற்றில் வீட்டார் எல்லோரும் ஒரே கட்சி. எதிர்க்கட்சியைக் காகிதமே நடத்தும். ஆடுபுலி ஆட்டத்தில் எல்லோரும் ஆடாக உட்கார்ந்து, புலி தானாக நகர்ந்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான்.

*

கேள்வி: ஊட்ல நானு, வீட்டுக்காரரு, பத்தாவது போற பையன், ஆறாவது போற பொண்ணு, மாமியார். தாயமும் பல்லாங்குழியும் ஆடிச் சலிச்சுப் போச்சுங்க. பையன் குளூம்ஹேவன்னு ஒரு பெட்டி கேக்கறான். பத்துக் கிலோ இருக்குமாம். அத்தன பெருசு வேணுங்களா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

இப்போதைக்கு வேண்டாங்க. குளூம்ஹேவன் 2017-ல் வந்தது. உருவாக்கியவர் ஐசக் சில்ட்ரஸ். 95 சீனாரியோ (ஒரு உட்காரலில் ஆடும் தனித்தனிச் சண்டை அத்தியாயங்கள்), 17 பாத்திரங்கள். அதில் ஆறு பேரைத்தான் முதலில் எடுக்கலாம், மற்றவை மூடின பெட்டிக்குள் இருக்கும். அருமையான ஆட்டம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் தரை அட்டைகளைத் தேடி, பொருத்தி, அரக்கர்களை நிறுத்தவே அரை மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் பொண்ணு எழுந்து டிவி பக்கம் போயிருப்பாள்.

அதே கதை உலகத்தில், அதே ஆள் 2020-ல் கொண்டுவந்த 'ஜாஸ் ஆஃப் த லயன்' வாங்குங்கள். நாலு பாத்திரம், 25 சீனாரியோ. வரைபடம் புத்தகத்திலேயே அச்சாகி இருப்பதால், புத்தகத்தை விரித்தால் அதுவே பலகை. முதல் ஐந்து சீனாரியோவும் பாடம் மாதிரி, விதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித் தரும். பெட்டியில் 14 வயது என்று போட்டிருப்பார்கள். ரத்தக் களரிக்காகப் போட்டதல்ல அது, இரண்டு கார்டை முன்கூட்டியே யோசித்து எடுக்கும் பொறுமைக்காக. உங்கள் பொண்ணு பக்கத்தில் ஒரு பெரியவர் முதல் நாலு ஆட்டம் உட்கார்ந்தால் போதும்.

ஆட நாலு பேருக்குத்தான் இடம். நீங்கள் ஐந்து பேர். மாமியாருக்கு என்ன வேலை தரலாம் என்பது கரூர் பேத்தியின் கேள்விக்கான பதிலில் இருக்கிறது.

வீட்டில் ஏழெட்டு வயசுப் பிள்ளைகள்தான் என்றால் 'மைஸ் அண்ட் மிஸ்டிக்ஸ்' பாருங்கள் (2012). இளவரசனும் கூட்டாளிகளும் எலியாக மாறி அரண்மனைக்குள் சண்டை போடும் கதை, 11 அத்தியாயம். 1989-ல் வந்து 2021-ல் மறுபடி அச்சான 'ஹீரோகுவெஸ்ட்' இன்னும் எளிது. ஆனால் அதில் ஒருவர் வில்லன் நாற்காலியில் உட்கார வேண்டும். யாரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த வேலையைச் செய்ய ஒரு செயலி இருக்கிறது. வில்லனாக உட்கார அப்பா தயார் என்றால் பத்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதைவிட நல்லது வேறில்லை.

*

கேள்வி: பெட்டி வந்துருச்சுங்க. தொறந்து பாத்தா அட்டை, கார்டு, குட்டிக் குட்டி வில்லைன்னு ஒரே குவியல். எங்கிருந்து ஆரம்பிக்கறது? ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கோணும்?
– ஒரு வாசகர், பெருந்துறை

மேலே சொன்ன 'ஜாஸ் ஆஃப் த லயன்' பெட்டி என்றே வைத்துச் சொல்கிறேன். திருப்பூர்ப் பக்கம் பட்டனும் லேபிளும் போட்டு வைக்கிற சின்ன ஜிப் கவர் கிடைக்குமே, அதில் ஒரு கட்டு வாங்குங்கள். பிரிப்பதில் ஒரே ஒரு விதி: *ஒரு அரக்கன் வகைக்கு ஒரு கவர்.* அந்த வகையின் அட்டை உருவங்கள், அதன் புள்ளிகள் அச்சான அட்டை, அதன் செயல் கார்டுக் கட்டு எல்லாம் அந்த ஒரே கவருக்குள். உருவங்களைத் தனியாக, கார்டுகளைத் தனியாக என்று அழகுக்குப் பிரித்தவர்கள்தான் ஒவ்வொரு வாரமும் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

காசு வில்லை, காய வில்லை இரண்டுக்கும் மூடி போட்ட டப்பா. பற்றாக்குறை வந்தால் புளியங்கொட்டை போதும், சோழி அதைவிட நன்றாக இருக்கும்.

பெட்டிக்குள் இரண்டு விதிப் புத்தகம் இருக்கும். ஒன்று ஆடிக்கொண்டே கற்றுக்கொள்ள, இன்னொன்று சந்தேகம் வந்தால் அகராதி மாதிரிப் புரட்ட. இரண்டாவதை முதல் நாள் தொடவே தொடாதீர்கள். அதை முதலில் படித்துவிட்டு, "நொம்பக் கஷ்டமுங்க" என்று பெட்டியைப் பரணில் ஏற்றியவர்கள் பலர்.

ஒரு ரவுண்டின் வரிசை இவ்வளவுதான். ஒவ்வொருவரும் கையில் இருப்பதில் இரண்டு கார்டைக் கவிழ்த்து வைக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்புகிறார்கள்; களத்தில் இருக்கும் ஒவ்வொரு அரக்கன் வகைக்கும் ஒரு கார்டு திறக்கிறது. கார்டு நடுவில் இருக்கும் எண்தான் முறை. எண் சிறிதாக இருப்பவர் முதலில். உங்கள் முறை வந்ததும் ஒரு கார்டின் மேல் பாதி, மற்றதன் கீழ் பாதி என்று செய்ய வேண்டும். எந்தக் கார்டின் மேல் பாதி என்பதை அப்போது முடிவு செய்தால் போதும், முன்னாலேயே அல்ல. நினைத்தது நடக்கவில்லையா? எந்தக் கார்டின் மேல் பாதியையும் 'தாக்குதல் 2' ஆகவும், கீழ் பாதியை 'நகர்வு 2' ஆகவும் வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஆடுபவர்கள் மறக்கிற விதிகளில் இதுதான் முதலிடம்.

நேரம்: பெட்டியில் 30 முதல் 120 நிமிடம் என்று இருக்கும். நாலு பேர், முதல் நாள் என்றால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு பாடமும் குட்டி, ஒரே உட்காரலில் முடிக்கலாம்.

*

கேள்வி: நாங்க மூணு அண்ணன் தம்பி. அடிக்கறதெல்லாம் நல்லாத்தான் அடிக்கறோம். ஆனா கடைசி அறைக்குப் போறதுக்குள்ள கார்டு தீந்து எல்லாரும் படுத்துர்றோம். ஒரே சீனாரியோவ நாலுவாட்டி தோத்தாச்சுங்க.
– ஒரு இளைஞர், திருப்பூர்

உங்கள் எதிரி அரக்கன் இல்லைங்க, உங்கள் கையில் இருக்கும் கார்டுக் கட்டுதான். இந்த ஆட்டத்தின் உயிர்நாடியே அதில்தான் இருக்கிறது. கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும்.

10 கார்டு இருக்கும் ஒருவர் ரவுண்டுக்கு 2 போட்டால் 5 ரவுண்டில் கை காலி. ஓய்வு எடுத்தால் போட்ட கார்டுகள் திரும்பி வரும், ஆனால் ஒன்று நிரந்தரமாகப் போய்விடும். இப்போது 9. அதில் 4 ரவுண்டு. பிறகு 8-க்கு 4, 7-க்கு 3, 6-க்கு 3, 5-க்கு 2, 4-க்கு 2, 3-க்கு 1, 2-க்கு 1. கூட்டினால் 25 ரவுண்டு. அதற்கு மேல் உங்கள் ஆள் மூச்சு வாங்கிப் படுத்துவிடுவார், உடம்பில் ஒரு கீறல் இல்லாவிட்டாலும்.

பெட்டியில் இருக்கும் நாலு பாத்திரத்தில், இதே கணக்கில் 9 கார்டுள்ள டெமாலிஷனிஸ்ட்டுக்கு 20, 11 கார்டுள்ள வாய்ட்வார்டனுக்கு 30. ஹேச்செட்டுக்கும் 'ரெட் கார்டு'க்கும் (Red Guard; சீட்டு இல்லை, பாத்திரத்தின் பெயர்) தலா 10 கார்டு, ஆக 25. ஒரே ஒரு கார்டு வித்தியாசத்துக்கு ஐந்து ரவுண்டு!

இனி உங்கள் தப்புக்கு வருவோம். சில கார்டுகளில் பெரிய அடி இருக்கும்; மூலையில் 'போட்டால் போனது' என்ற குறி இருக்கும். அதைப் போட்டால் ஓய்வெடுத்தாலும் திரும்பாது. 10 கார்டுக்காரர் இதை முதல் ரவுண்டிலேயே போட்டால், முதல் ஓய்வுக்குப் பிறகு கையில் 9 இருக்க வேண்டிய இடத்தில் 8 இருக்கும். அந்த 9-க்குரிய 4 ரவுண்டும் அப்படியே காணாமல் போகும்: 25 இப்போது 21. அதே கார்டை, கையில் 4 மட்டும் மிச்சமிருக்கும்போது போட்டால் நஷ்டம் 1 ரவுண்டுதான். அடி அதே அடி. விலை மட்டும் நாலில் ஒரு பங்கு. மூன்று பேரும் முதல் அறையிலேயே பெரிய கார்டை எடுத்து வீசுகிறீர்கள் என்று பந்தயம் கட்டலாம்.

இரண்டாவது தப்பு, அவசரப்பட்டு ஓய்வெடுப்பது. கையில் இன்னும் 4 கார்டு இருக்கும்போதே ஓய்வெடுத்தால் இன்னும் 2 ரவுண்டு ஆடியிருக்க வேண்டியதை வீணடித்து, ஒரு கார்டையும் சீக்கிரமே இழக்கிறீர்கள். கையில் 0 அல்லது 1 ஆகும்வரை தள்ளிப்போடுங்கள். அதற்கு ஒரே விலக்கு, கதவைத் திறக்கப் போகும் ஆள். அவர் கையில் நாலு கார்டாவது இருக்கட்டும். திறந்த உடனே உள்ளே இருக்கும் அரக்கர்கள் *அதே ரவுண்டில்* செயல்படுவார்கள். கை காலியாக வாசலில் நின்றால், அடுத்த ரவுண்டு ஓய்வெடுத்துக்கொண்டே அடி வாங்க வேண்டியதுதான்.

ஓய்வில் இரண்டு வகை. குட்டி ஓய்வு ரவுண்டு முடிவில் நடக்கும், முறை எதுவும் போகாது. ஆனால் எந்தக் கார்டு போகும் என்பது குலுக்கல். பிடிக்கவில்லை என்றால் ஒரு காயம் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு முறை வேறு கார்டு எடுக்கலாம். நெடு ஓய்வு ஒரு முழு ரவுண்டைத் தின்னும், முறை 99. ஆனால் போகும் கார்டை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், 2 காயம் ஆறும், பயன்படுத்தித் திருப்பி வைத்த பொருட்களும் மீளும். பக்கத்தில் எதிரி இல்லாதபோது நெடு ஓய்வு. கழுத்துக்கு மேல் கத்தி தொங்கும்போது குட்டி ஓய்வு.

மூன்றாவது, ஆசை. தரையில் விழுந்த காசைப் பொறுக்க ஒருவர் இரண்டு ரவுண்டு பின்னால் நிற்பது. அங்கே மற்ற இருவரும் கார்டு கரைத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் முறை முடியும் கட்டத்தில் காசு இருந்தால் அது தானாகக் கைக்கு வரும். போகிற வழியில் நின்று எடுங்கள், அதற்கென்று திரும்பிப் போகாதீர்கள்.

இன்னொன்று. பெரிய அடி ஒன்று விழுந்தால் கையிலிருந்து ஒரு கார்டையோ, போட்ட கார்டுகளில் இரண்டையோ இழந்து அந்தக் காயம் முழுவதையும் தவிர்க்கலாம். 2 காயத்துக்கு இதைச் செய்வது தங்கத்தைக் கொடுத்துத் தவிடு வாங்குவது. ஆளே விழுந்துவிடுவார் என்ற நிலையில் மட்டும் செய்யுங்கள்.

*

கேள்வி: எங்க அண்ணன் எல்லார் கார்டையும் எட்டிப் பாத்து, "நீ இத போடு, நீ அங்க போ"ன்னு அவரே ஆடிர்றாருங்க. நாங்க சும்மா பொம்மை நகத்தறதுக்குத்தான் உக்காந்திருக்கோம்.
– ஒரு வாசகி, கோவை

அண்ணனுக்கு விதிப் புத்தகத்தைக் காட்டுங்கள். கார்டின் பெயரையோ அதிலுள்ள எண்களையோ வெளியில் சொல்லக் கூடாது என்பது மரியாதைக்காக வைத்த வேண்டுகோள் இல்லை, ஆட்டத்தின் விதி. "நான் சீக்கிரம் போயிருவேன்", "அந்தப் பெரியவன நான் பாத்துக்கறேன்", "இந்த ரவுண்டு என்னால முடியாது" என்ற அளவில் பேசலாம். "எனக்கு 15, ஏழு அடி" என்று சொல்லக் கூடாது. எண்ணே தெரியாவிட்டால் அண்ணனால் எப்படிக் கணக்குப் போட முடியும்?

நடைமுறைக்கு ஒன்று: பேச்சு ஒரு நிமிடம். பிறகு எல்லோரும் கார்டைக் கவிழ்த்துவிட வேண்டும். கவிழ்த்த பின் யாரும் யாரையும் மாற்றச் சொல்லக் கூடாது. ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் ரகசியக் குறிக்கோள் கார்டும் இதற்கு உதவும். தங்கச்சி ஏன் அந்த மூலைக்கு ஓடுகிறாள் என்பது அண்ணனுக்குப் புரியவே கூடாது.

பாத்திரம் தருவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வாய்ட்வார்டனை அண்ணனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்தவரைத் தாக்கச் சொல்வதுதான் அதன் வேலையே, கேட்கவே வேண்டாம். முன்னால் நின்று அடி வாங்கும் 'ரெட் கார்டு' பாத்திரத்தைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஹேச்செட். தான் எறிந்த பிரியமான கோடாலியைத் தேடிப் போய் எடுப்பதிலேயே அவருக்குப் பொழுது போய்விடும்.

*

கேள்வி: அரக்கன் யாரை அடிக்கும்ங்கறதுல ஊட்ல தினமும் சண்டை. பக்கத்துல இருக்கறவனத்தான அடிக்கோணும்?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

'பக்கத்தில்' என்பதை எப்படி அளக்கிறீர்கள் என்பதில்தான் சண்டை. கண்ணால் பார்க்கும் தூரம் முதலில் வராது. அந்த அரக்கன் *நடந்து வந்து தாக்க* எத்தனை கட்டம் நகர வேண்டும் என்பதுதான் முதல் அளவு. சுவரைச் சுற்றி ஐந்து கட்டம் நடக்க வேண்டிய உங்களைவிட, மூன்று கட்டத்தில் எட்டக்கூடிய உங்கள் மனைவிதான் இலக்கு, நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கை உரசிக்கொண்டு நின்றாலும். நடை சமமானால், தூரத்தில் யார் கிட்டே என்று பாருங்கள். அதுவும் சமமானால் அந்த ரவுண்டில் யாருடைய முறை எண் சிறிதோ அவர். முந்திப் போகிறவர் அடியையும் முந்தி வாங்குவார்.

அரக்கன் தன் கூட்டாளி நிற்கும் கட்டத்தின் வழியாக நடக்கலாம், அங்கே நிற்க முடியாது. உங்கள் ஆட்கள் நிற்கும் கட்டத்தைக் கடக்கவே முடியாது. குறுகலான வாசலில் ஒருவரை நிறுத்தினால் பின்னால் இருப்பவர்கள் பிழைப்பது இதனால்தான். வேறு வழி இருந்தால் பொறியை மிதிக்க மாட்டான்.

செயல் கார்டைப் படிப்பதில்: 'தாக்குதல் +0' என்றால் அடியே இல்லை என்று அர்த்தமில்லை, அவனுடைய புள்ளி அட்டையில் உள்ள எண் அப்படியே. 'நகர்வு −1' என்றால் அதில் ஒன்று குறைவு. கார்டில் தாக்குதல் என்ற வரியே இல்லையென்றால் அந்த ரவுண்டு அவன் தாக்க மாட்டான். ஒரு வகைக்கு ஒரே கார்டு. மஞ்சள் அடித்தட்டில் நிற்கும் வலியவர்கள் முதலில், பிறகு வெள்ளைத் தட்டுக்காரர்கள் எண் வரிசையில்.

*

கேள்வி: என்ற அடி மட்டும் விழவே மாட்டேங்குது. கட்டுல ஏதாச்சும் கோளாறுங்களா?
– ஒரு கல்லூரி மாணவர், உடுமலை

ஒவ்வொருவருக்கும் தாக்குதல் கட்டில் (அடிக்கும்போது திருப்பிப் பார்க்கும் கட்டு) 20 கார்டு: 0 ஆறு, +1 ஐந்து, −1 ஐந்து, +2 ஒன்று, −2 ஒன்று, இரட்டிப்பு ஒன்று, முற்றிலும் தவறுவது ஒன்று. எண்ணிப் பாருங்கள். சரியாக இருந்தால் கோளாறு நீங்கள் கலைக்கும் நேரத்தில் இருக்கிறது. இரட்டிப்போ தவறுவதோ வந்த ரவுண்டின் *முடிவில்தான்* கலைக்க வேண்டும். இரண்டும் வராமல் பத்து கார்டு போய்விட்டால், அடுத்த கார்டு தவறுவதாக இருக்கும் வாய்ப்பு இருபதில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்றாக ஏறும். இரட்டிப்புக்கும் அதே கதைதான், பயப்படாதீர்கள்.

*

கேள்வி: ஆசாரத்துல பவானி ஜமுக்காளம் விரிச்சுத்தான் ஆடறோம். பொம்மை நிக்கவே மாட்டேங்குது. ஆடி மாசக் காத்துக்குக் கார்டெல்லாம் பறக்குது.
– ஒரு வாசகி, பல்லடம்

ஜமுக்காளம் உட்காருவதற்கு. அதன் மேல் நாலடிக்கு மூன்றடி பிளைவுட் அல்லது ஹார்டுபோர்டு ஒன்றைப் போட்டு, அதற்கு மேல் பழைய போர்வைத் துணி ஒரு மடிப்பு. அட்டைக் கால்கள் நிற்கும், கார்டை விரல் நகத்தால் தூக்கவும் எளிது. ஆட்டம் முடியாமல் எழுந்தால் பலகையோடு தூக்கி அலமாரி மேல் வைத்துவிடலாம்.

காற்றுக்கு: கார்டுக் கட்டின் மேல் வைக்க ஐந்து ரூபாய் நாணயம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி மேற்குச் சன்னலைத் திறந்து வைக்காதீர்கள். மின்விசிறியைவிட அது மோசம்.

*

கேள்வி: எங்க அப்புச்சிக்கு 72 வயசு. கதை கேக்க அவருக்கு அவ்வளவு பிரியம். கார்டெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கறதால தள்ளியே உக்காந்திருக்காரு. அவர எப்படிச் சேத்துக்கறது?
– ஒரு பேத்தி, கரூர்

அப்புச்சிக்கு இரண்டு வழி இருக்கு, கண்ணு.

முதல் வழி, அரக்கர் படைக்கு அவரை அதிகாரி ஆக்குவது. ஒவ்வொரு ரவுண்டும் செயல் கார்டைத் திறப்பது, யார் முறை எப்போது என்று எண் வரிசையில் சொல்வது, காய வில்லை வைப்பது, அரக்கர்களின் தாக்குதல் கட்டிலிருந்து கார்டு எடுப்பது. இதில் படிக்க வேண்டியது எண்களும் படக்குறிகளும் மட்டுமே. இந்த ஆட்டத்தில் ஆட்களை மிகவும் களைக்க வைப்பது இந்த எடுபிடி வேலைதான். அதை ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு ஆட்டம் பாதி நேரம் வேகமாக நடப்பதுபோல் இருக்கும். அதோடு, பேரனை அடிக்கும் கார்டை அப்புச்சி திருப்பும்போது வரும் கூச்சலே தனி.

இரண்டாவது வழி, அவரே ஒரு பாத்திரம் ஆடுவது. ரெட் கார்டு நல்ல தேர்வு, வாய்ட்வார்டன் வேண்டாம். 10 கார்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு பாதி, ஆக 20 சின்னக் குறிப்பு. ஒரு மதியத்தில் தமிழில் எழுதிவிடலாம். 63.5 × 88 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உறை வாங்கி, கார்டோடு அந்தச் சீட்டையும் செருகுங்கள். பின்பக்கம் பார்த்துச் செருகினால் முன்பக்கப் படம் மறையாது. எழுத்து பெரிதாக, கறுப்பு மையில்.

அடிக்கடி வரும் நிலைகளைத் தனித் தாளில் எழுதி நடுவில் வையுங்கள்:

விஷம் – இவர் மேல் விழும் ஒவ்வொரு அடிக்கும் 1 கூடுதல். மருந்து கொடுத்தால் விஷம் மட்டும் போகும், அந்த மருந்தால் காயம் ஆறாது.
ரணம் – இவர் முறை தொடங்கும்போதெல்லாம் 1 காயம். மருந்து கொடுத்தால் ரணமும் நிற்கும், காயமும் ஆறும்.
கால்கட்டு – நகர முடியாது.
கைகட்டு – தாக்க முடியாது.
திகைப்பு – எதுவுமே செய்ய முடியாது.
குழப்பம் – தாக்கும்போது இரண்டு கார்டு எடுத்து மோசமானதை வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசி நாலும் அவருடைய அடுத்த முறை முடிந்ததும் விலகிவிடும்.

கதைப் பகுதியை ஒருவர் முதலில் மனதுக்குள் படித்துவிட்டு, பிறகு தமிழில் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். வரிக்கு வரி மொழிபெயர்த்தால் அப்புச்சி தூங்கிவிடுவார்.

*

கேள்வி: தோத்தா சின்னவன் அழுதுர்றான். வேணும்னே விட்டுக்குடுத்து ஆடலாமுங்களா?
– ஒரு தந்தை, தாராபுரம்

விட்டுக் கொடுப்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். விதியே அதற்கு வழி வைத்திருக்கும்போது எதற்கு?

சீனாரியோவின் கடினம் இப்படி வரும்: எல்லோர் நிலையையும் (லெவல்) கூட்டிச் சராசரி எடுத்து, இரண்டால் வகுத்து, மேல்நோக்கி முழு எண் ஆக்கு. புதிதாகத் தொடங்கும் நாலு பேரும் நிலை 1 என்றால், அரை வரும். அது 1 ஆகும். எளிதாக வேண்டுமென்றால் அதில் ஒன்றைக் கழித்து 0-இல் ஆடுங்கள். அரக்கர்களின் உயிரும் அடியும் குறையும், பொறியில் விழுந்தால் 3-க்குப் பதில் 2 காயம். விழும் காசின் மதிப்பு இரண்டிலும் ஒன்றுதான். ஜெயித்தால் கிடைக்கும் கூடுதல் அனுபவப் புள்ளி மட்டும் 6-லிருந்து 4 ஆகும். ரொம்ப மலிவான பேரம்.

சின்னவனிடம் இதையும் சொல்லுங்கள்: தோற்றாலும் அந்த ஆட்டத்தில் சேர்த்த காசும் அனுபவப் புள்ளியும் அவனுடையதே. 45 புள்ளி வந்தால் நிலை 2, புதுக் கார்டு ஒன்று. நாலுவாட்டி தோற்ற அந்தத் திருப்பூர் சகோதரர்கள் இந்நேரம் நல்ல பலசாலிகளாகி இருப்பார்கள்.

*

கேள்வி: பெரியவன் ஹாஸ்டலுக்குப் போயிட்டா கதை பாதியில நின்னு போகுங்களா?
– ஒரு வாசகி, ஈரோடு

நிற்காதுங்க. ஒவ்வொரு அறையிலும் எத்தனை அரக்கர், அதில் எத்தனை வலியவர் என்பது எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதற்கேற்ப புத்தகத்தில் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். மூன்று பேராகத் தொடருங்கள். அவனுடைய கார்டு, காசு, குறிப்புத் தாள் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு, எந்தச் சீனாரியோவோடு போனான் என்று மேலே எழுதி வையுங்கள். நோம்பிக்கு வரும்போது அப்படியே உட்காரலாம். நிலை குறைவாக இருந்தாலும் சராசரிக் கணக்கு ஓரளவு சரிக்கட்டும். இரண்டே பேர்தான் வீட்டில் என்றாலும் ஆடலாம்.

*

கேள்வி: வரைபடத்துல ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுது. ஒட்டிட்டா பொறவு அடுத்தவங்களுக்குக் குடுக்க முடியாதே?
– ஒரு வாசகர், நாமக்கல்

ஒட்டாதீர்கள். எந்த இடம் திறந்தது என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும், ஆட்டத்துக்கு எந்தக் குறையும் வராது. ஆனால் பிள்ளைகளுக்கு ஒட்டுவதில் ஒரு சந்தோசம் இருக்கு பாருங்க, அதை யோசித்து முடிவெடுங்கள்.

*

கேள்வி: ஆடும்போது திங்க என்ன குடுக்கலாம்?
– ஒரு வாசகி, மேட்டுப்பாளையம்

கச்சாயம், முறுக்கு, ஒப்பிட்டு மூன்றும் கூடாது. எண்ணெயும் நெய்யும் ஒருமுறை பட்டால் அந்தக் கார்டு கவிழ்ந்திருந்தாலும் எதுவென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். வேகவைத்த கடலைக்காய் என்றால் தோல் போட ஒரு தட்டும், கை துடைக்க ஈரத்துணியும். மற்றபடி இரண்டாவது கதவுக்கு முன்னால் பத்து நிமிடம் நிறுத்தி, அரிசிம்பருப்புச் சாதத்தைத் தனி இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டு வாருங்கள். அரக்கர்கள் எங்கேயும் போய்விட மாட்டார்கள்.